கடற்கரைக்கு ஒரு நாள்: குடும்பத்தோடு திட்டமிடுவோம்

நம் தோட்டங்களில் பொழுது விடிவதற்கு முன்னரே வாழ்க்கை தொடங்கிவிடுகிறது. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. அதன் பின்னர் வீட்டு வேலைகள் காத்திருக்கின்றன. இவ்வாறு உழைக்கும் உடலுக்கும் உள்ளத்திற்கும் ஓய்வு இன்றியமையாதது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரப்பட வேண்டும் என்பதை 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வகுத்துள்ளது. ஆயினும் அந்த ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தை உறங்குகிறார், தாய் துணி துவைக்கிறார், பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒரே கூரையின் கீழ் இருந்தும் குடும்பம் ஒன்றாக இருப்பதில்லை.

ஆண்டில் ஒரு முறையேனும் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டுச் சென்று மகிழ்ந்து திரும்புவது வீண் ஆடம்பரம் அன்று. அதற்குக் கடற்கரையைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறில்லை. கடல் நமக்கு அந்நியமானதும் அன்று. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, 'ரஜூலா' போன்ற கப்பல்களில் பல நாள் பயணம் செய்து இந்நாட்டை அடைந்தனர். அவர்களுள் பலர் முதலில் கண்ட மலாயா மண் பினாங்குதான். ஜெரஜாக் தீவின் தனிமைப்படுத்தும் முகாமில் தங்க வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அத்தகையோரின் வழிவந்த பிள்ளைகள், கடலுக்கு மிக அருகில் உள்ள தோட்டங்களிலேயே வளர்ந்தும், கடலைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பது பொருத்தமாகுமா?

கெடா, செபராங் பிறை வட்டாரத் தோட்டங்களிலிருந்து பினாங்கு நகரக் கடற்கரைக்குச் சென்று வருவதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தை அமைத்துள்ளோம். வேறு மாநிலத்தில் வாழ்வோர் தமக்கு அருகில் உள்ள கடற்கரைக்கு ஏற்ப இதனை மாற்றிக்கொள்ளலாம். இப்பாடத்தின் கருத்து ஒன்றே: கடற்கரையில் செய்ய வேண்டிய முடிவுகளை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். எவ்வளவு செலவிடுவது, எந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, ஆபத்து வந்தால் எங்கே ஓடுவது ஆகியவற்றை அலைகளின் ஆரவாரத்திற்கு நடுவே முடிவு செய்ய இயலாது. வீட்டில் முடிவாகாதது கடற்கரையில் முடிவாவதில்லை.

எந்த இடம்?

ஜார்ஜ் டவுன் 1957ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது. 2015ஆம் ஆண்டில் அத்தகுதி தீவு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே பினாங்குத் தீவின் கடற்கரைகள் யாவும் இன்று மாநகர்க் கடற்கரைகளே. அவற்றுள் மூன்று இடங்களை இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, கார்ன்வாலிஸ் கோட்டையை அடுத்துள்ள பாடாங் கோத்தா லாமா. இங்கே மணற்கரை இல்லை. கடலில் இறங்கவும் இயலாது. ஆயினும் கடலோர மதிலை ஒட்டி அமர்ந்து கப்பல்களையும் கடற்காற்றையும் அனுபவிக்கலாம். நடக்க இயலாத முதியோருக்கும் கைக்குழந்தை உடையோருக்கும் இது ஏற்ற இடம். படகுத்துறைக்கும் அருகில் உள்ளது.

இரண்டாவது, தஞ்சோங் பூங்கா. நகர மையத்தை விட்டுச் சற்று விலகியுள்ள மணற்கரை இது. மூன்றாவது, நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பத்து பெரிங்கி. நீண்ட மணற்பரப்பும் நிழல் தரும் மரங்களும் உணவுக் கடைகளும் இங்கே உண்டு. கடற்கரையை ஒட்டிப் பெரிய ஓட்டல்கள் நிற்பதைக் கண்டு, அங்கே நமக்கு இடமில்லையோ என்று தயங்க வேண்டியதில்லை. ஓதம் ஏறி இறங்கும் கரைப்பகுதி மாநிலத்திற்குரிய நிலம்; எவரும் அங்கே நடக்கலாம். ஓட்டல்கள் போட்டிருக்கும் நாற்காலிகளும் குடைகளும் மட்டுமே அவற்றின் உடைமை.

எந்த மாதம்? எந்த நாள்?

நாள் குறிப்பதற்கு முன் வானிலையை அறிதல் வேண்டும். வடமேற்குக் கரையில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்யும். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் 'சுமாத்ரா' எனப்படும் பலத்த காற்று மழையும் நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து தாக்குவதுண்டு. சனவரி, பெப்ரவரி மாதங்களே வறண்டவை. இக்கரையில் கடலும் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

இங்கேதான் தோட்டத் தொழிலாளர்க்கே உரிய ஓர் இடர்ப்பாடு எழுகிறது. கடலுக்கு உகந்த பெப்ரவரி மாதமே நம் மரங்கள் இலையுதிர்க்கும் காலமும் ஆகும். அப்போது பால் குறைகிறது. கையில் வரும் ஊதியமும் குறைகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களிலோ, மழையால் வெட்டு நின்றுபோகும் நாள்கள் பல. ஆகவே வானம் தெளிந்திருக்கும் மாதத்தில் கை வறண்டிருக்கிறது. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஆண்டுதோறும் தள்ளிப்போடப்படுவதற்கு இதுவே பெருங்காரணம். இதற்குத் தீர்வு முன்கூட்டிய சேமிப்பு ஒன்றே. அதனைப் பின்னர் விளக்குவோம்.

நாளைத் தேர்வதிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. கெடா மாநிலத்தில் பள்ளிகளுக்கு வெள்ளியும் சனியும் வார விடுமுறை. பினாங்கிலோ சனியும் ஞாயிறும். ஆகவே கெடாவில் வாழ்வோர் வெள்ளிக்கிழமையில் சென்றால், பிள்ளைகளுக்குப் பள்ளி தவறாது; கடற்கரையிலும் சாலையிலும் நெரிசல் குறைவாக இருக்கும். தோட்டத்தின் ஓய்வு நாள் வேறாயின், முன்னரே நிருவாகத்திடம் தெரிவித்து விடுப்புப் பெறலாம். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் தண்ணீர்மலைக்குச் செல்லும் கூட்டத்தால் நகரச் சாலைகள் நிரம்பி வழியும். வழிபாட்டை வழிபாடாகவும் உல்லாசத்தை உல்லாசமாகவும் தனித்தனி நாளில் வைத்துக்கொள்வதே இரண்டிற்கும் நன்று.

பணத்திற்கு வழி

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பயணம், உணவு, பிள்ளைகளின் விருப்பம், அவசரம் என நான்கு தலைப்புகளை எழுதுவோம். ரயில், படகு, பஸ் கட்டணங்களைக் கேட்டறிந்து, போவதற்கும் வருவதற்கும் ஆள்வாரியாகக் கணக்கிட்டு முதல் தலைப்பின் கீழ்க் குறித்துக்கொள்வோம். பலர் போகும் செலவை மட்டும் கணக்கிட்டு, திரும்பும் செலவை மறந்துவிடுகின்றனர்.

சூன் மாதம் தொடங்கி மாதம் 20 வெள்ளி ஒதுக்கினால் திசம்பர் முடிவில் 140 வெள்ளி சேர்ந்துவிடும். மாதம் 30 வெள்ளி ஒதுக்க இயலுமாயின் 210 வெள்ளி. மழையால் வெட்டு நின்ற மாதத்தில் 10 வெள்ளியே இயலுமெனில் அதனையே போடுவோம். தொகை சிறிதாகலாம், பழக்கம் அறுபடக் கூடாது. இப்பணத்தைக் குடும்பச் செலவுப் பணத்தோடு கலவாமல் தனியே வைத்தல் வேண்டும். பிள்ளைகளும் தங்கள் சில்லறைக் காசை அந்த உண்டியலில் போடட்டும். தாம் சேர்த்த காசில் செல்லும் பயணத்தின் அருமை பிள்ளைகளுக்குத் தனியே தெரியும்.

சேர்ந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, மடித்து, தாயிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவசரத்திற்கு மட்டுமே உரியது. எக்காரணம் கொண்டும் கடன் வாங்கி உல்லாசப் பயணம் செல்லலாகாது. ஒரு நாள் மகிழ்ச்சிக்காகப் பல மாதம் வட்டி கட்டுவது மகிழ்ச்சியாகாது.

பிள்ளைகளின் விருப்பத்திற்கென ஒதுக்கிய பணத்தையும் வீட்டிலேயே பேசி முடிவு செய்வோம். கடற்கரையில் குதிரை சவாரி, படகு சவாரி, விளையாட்டுப் பொருள்கள் ஆகியவை பிள்ளைகளின் கண்ணைக் கவரும். ஆளுக்கு இவ்வளவு என்று முன்னரே சொல்லிவிட்டால், எதை வாங்குவது என்று தெரிவு செய்யப் பிள்ளையே கற்றுக்கொள்கிறது; அழுகையும் அதட்டலும் குறைகின்றன. எதற்கும் விலையை முதலில் கேட்டறிந்து, பின்னரே ஏறவோ வாங்கவோ வேண்டும்.

பயணம்

சுங்கை பட்டாணி, குருண், அலோர் ஸ்டார், புக்கிட் மெர்தாஜாம் ஆகிய நிலையங்களிலிருந்து கொமுட்டர் ரயில் பட்டர்வொர்த் வரை செல்கிறது. அங்கே 2018ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரல் நிலையம் ரயிலையும் பஸ்ஸையும் பெர்ரி படகையும் இணைக்கிறது. 1894ஆம் ஆண்டில் தொடங்கிய பெர்ரி சேவை, தலைமுறை தலைமுறையாக நம் மக்களைத் தீவுக்குக் கொண்டு சேர்த்தது. வாகனங்களையும் ஏற்றிச் சென்ற பழைய படகுகள் 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் நான்கு புதிய படகுகள் ஓடுகின்றன. இவை ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றிச் செல்லும். 'டச் என் கோ' அட்டையில் பணம் நிரப்பி வைத்துக்கொள்வதோடு, சிறிது சில்லறையும் உடன் கொண்டுசெல்வது நலம்.

கடலைக் கடந்ததும், ஜெட்டியிலிருந்து 101ஆம் எண் பஸ் கொம்தார், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை செல்கிறது. படகில் நிற்பதும் பஸ்ஸின் மேல் தட்டிலிருந்தோ சன்னலோரத்திலிருந்தோ கடலைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பயணத்தின் ஒரு பகுதியே. ஆகவே அவசரமின்றிச் செல்வோம்.

பல குடும்பங்கள் சேர்ந்து பஸ் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதும் சிறந்த முறையே. அவ்வாறாயின் 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் வழியாகச் செல்லலாம். வாடகையைக் குடும்பத்திற்கு இவ்வளவு என்று பிரிக்காமல், ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் மனத்தாங்கல் எழாது. ஆனால் வாடகை மிச்சமாகும் என்று எண்ணிச் சரக்கு லோரியின் பின்புறத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். அது சட்டத்திற்கு முரணானது. ஒரு திருப்பத்தில் பல உயிர்களை ஒருங்கே பறிக்கக் கூடியது. ஒரே மோட்டார் சைக்கிளில் நால்வர் அமர்ந்து செல்வதும் அத்தகையதே.

உணவும் தாயின் ஓய்வும்

உல்லாசப் பயணம் என்றதும் நம் வீடுகளில் நடப்பது யாது? தாய் நள்ளிரவிலேயே எழுந்து சோறும் கறியும் சமைக்கிறார். கடற்கரையில் அனைவருக்கும் பரிமாறுகிறார். பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். வந்ததும் அவற்றைக் கழுவுகிறார். மற்றவர்க்கு விடுமுறை, அவருக்கோ இரட்டை வேலை. மரம் வெட்டச் செல்லும் தாய்க்கும் ஓய்வு நாள் ஒன்றுதான் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

உடல்நலமும் இதனையே வலியுறுத்துகிறது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு அறிவுறுத்துகிறது. காலை 5 மணிக்குச் சமைத்து மூடிய சோறும் கறியும், வெயிலில் பயணம் செய்து, நண்பகல் ஒரு மணிக்குத் திறக்கப்படும்போது எட்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு இன்னும் விரைவில் கெட்டுவிடும். கெட்டது மணத்தால் தெரியும் என்று நம்புவதும் தவறு. நோய்க்கிருமி பெருகிய உணவு சில வேளைகளில் மணத்தாலோ சுவையாலோ வேறுபடுவதில்லை.

ஆகவே இவ்வாறு செய்யலாம். விடியற்காலையில் எளிய உணவு ஒன்றைச் சமைத்து, அதனைக் காலை உணவாகக் கரையை அடைந்தவுடனே, 9 மணிக்குள் உண்டு முடித்துவிடுவோம். நண்பகலுக்கு ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், முறுக்கு, அங்கேயே திறக்கும் சாடின் டின் ஆகியவை போதும். கையில் பணம் இருந்தால், அன்று ஒரு வேளை மட்டும் கடையில் சூடாக வாங்கி உண்ணலாம். சமைப்பதை முதல் நாளே பங்கிட்டுக்கொள்வோம்: மூத்த பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பட்டும், தந்தை பைகளைக் கட்டட்டும். குடிநீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பிள்ளைகளை நிழலில் இருத்துவதும் தேவை. கடற்காற்றின் குளிர்ச்சியில் வெயிலின் கடுமை தெரிவதில்லை. இரவில்தான் தோல் எரியும்.

கடலும் நாமும்

இதுவே இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி. வாசகர் அனைவரும் இதனை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தோட்டத்து ஆற்றிலோ பழைய ஈய லம்பத்திலோ நீந்திப் பழகியவர்கள், கடலும் அவ்வாறே என்று எண்ணுகின்றனர். ஆற்று நீர் ஒரு திசையில் ஓடும். கடல் நீரோ அலையாக வந்து, கரையைத் தொட்டு, சில இடங்களில் ஒன்றுகூடி வலிய நீரோட்டமாகத் திரும்பிச் செல்லும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரின் காலடி மணலையும் அது வாரிச் செல்லும். இந்த நீரோட்டத்தில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு ஓய்ந்த பின்னர் கரை நோக்கி வர வேண்டும்.

நீரில் மூழ்கும் பிள்ளை கூச்சலிடும் என்று எண்ணாதீர்கள். மூச்சு விடவே வாய் போதாதபோது கூச்சலிட இயலாது. ஓசையின்றி, ஓரிரு நிமிடங்களில், பலர் நடுவிலேயே உயிர் போய்விடும். "எல்லோரும் இருக்கிறோமே, யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்னும் எண்ணமே ஆபத்தானது. எல்லோரும் பார்ப்பதாக எண்ணும் பிள்ளையை எவரும் பார்ப்பதில்லை.

ஆகவே பெரட்டு முறையைக் கடற்கரைக்கும் கொண்டுசெல்வோம். எந்த நிரை யாருடையது என்று தோட்டத்தில் ஐயமில்லை. அதுபோல எந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்பதைப் புறப்படும் முன்னரே பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சிறு பிள்ளை நீரில் இருக்கும்வரை பொறுப்பாளர் கைக்கெட்டும் தொலைவில் நிற்க வேண்டும். கைப்பேசி பையில் இருக்க வேண்டும். அவர் உண்ணவோ ஓய்வெடுக்கவோ சென்றால், "இனி இவன் உங்கள் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்த பின்னரே செல்ல வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை அனைவரையும் பெயர் சொல்லி அழைத்து எண்ணிப் பார்ப்போம்.

மேலும் சில விதிகளை நினைவில் இருத்துவோம்:

1. 'பஹாயா' என்றால் ஆபத்து. 'டிலாராங் மண்டி' என்றால் குளிக்கத் தடை. இச்சொற்கள் உள்ள பலகை நிற்கும் இடத்திலும் சிவப்புக் கொடி பறக்கும் இடத்திலும் நீரில் இறங்கலாகாது.

2. காற்றடைத்த டயர் டியூபையும் இரப்பர் மிதவைகளையும் நம்பிப் பிள்ளைகளை விடலாகாது. கரையிலிருந்து வீசும் காற்று அவற்றை ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும்.

3. ஓடைகளும் கால்வாய்களும் கடலில் கலக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடலாகாது. அந்நீர் கழிவுகளைச் சுமந்து வரக்கூடும்.

4. மது அருந்தியவர் கடலில் இறங்கலாகாது. பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராகவும் இருக்கலாகாது. அன்று ஒரு நாள் மதுவைத் தோட்டத்திலேயே விட்டுச் செல்வது குடும்பத்திற்கு நாம் தரும் பரிசாகும்.

5. இடியோசை கேட்டவுடன் நீரை விட்டு வெளியேறிக் கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். தனி மரத்தின் கீழ் ஒதுங்கலாகாது.

6. ஒருவர் மூழ்கினால், நீச்சல் அறியாதவர் பின்னாலேயே குதிக்கலாகாது. மூடிய காலிப் புட்டி, மிதவை, கயிறு, முறுக்கிய சாரோங் ஆகிய எதையேனும் எறிந்து பற்றிக்கொள்ளச் செய்ய வேண்டும். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

சொறிமீனைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். மலாய் மொழியில் 'ஊபோர்-ஊபோர்' எனப்படும் இவ்வுயிரினத்தில் பல வகைகள் உண்டு. அவற்றுள் கொடிய நஞ்சுள்ள பெட்டிச் சொறிமீன் பினாங்குக் கடலிலும் காணப்பட்டுள்ளது. அது கண்ணாடி போன்றிருப்பதால் நீரில் புலப்படாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனையும் தொடலாகாது. இறந்த பின்னரும் அது கொட்டும். கொட்டப்பட்டவரை உடனே நீரிலிருந்து வெளியேற்றி, கொட்டிய இடத்தில் அரை நிமிடத்திற்குக் குறையாமல் வினிகரை ஊற்ற வேண்டும். மணலால் தேய்ப்பதும் நல்ல தண்ணீரால் கழுவுவதும் நஞ்சைப் பரப்பிவிடும். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் கணமும் தாமதியாது 999 எண்ணை அழைக்க வேண்டும். ஒரு புட்டி வினிகரின் விலை சிறிது; நம் பையில் அது முதலில் இடம்பெற வேண்டிய பொருள்.

கடல் உள்வாங்கினால்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்ராவுக்கு அருகில் கடலுக்கடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குப் பின்னர் ஆழிப்பேரலை பினாங்கை அடைந்தது. விடுமுறை நாளாகையால் கரையில் குடும்பங்கள் கூடியிருந்தன. நாட்டில் 68 பேர் மாண்டனர். அவர்களுள் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். கடற்கரைக்கு மகிழச் சென்ற குடும்பத்தாரும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

அவர்கள் செய்த பிழை ஏதுமில்லை. இந்நாட்டு மக்கள் அதுவரை அத்தகைய அலையைக் கண்டதில்லை; எச்சரிக்கும் ஏற்பாடும் அன்று இல்லை. அதன் பின்னரே எச்சரிக்கை அமைப்பு நிறுவப்பட்டு, கரையோரங்களில் அபாயச் சங்குகள் பொருத்தப்பட்டன. அறிவு நமக்குக் கிடைத்துவிட்டது; அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காமல் இருந்தால் பிழை நம்முடையதாகும்.

கற்பிக்க வேண்டியது சிறிதே. நிலம் நடுங்கினாலும், கடல் வழக்கத்திற்கு மாறாகத் திடீரென உள்வாங்கினாலும், அபாயச் சங்கு ஒலித்தாலும், பொருள்களை எடுக்க நில்லாமல் உயரமான இடத்திற்கு விரைய வேண்டும். மேடான நிலம் இல்லையெனில் உறுதியான கட்டடத்தின் மேல் மாடிக்குச் செல்ல வேண்டும். வெளிப்பட்ட தரையில் துள்ளும் மீன்களைப் பொறுக்கவோ படம் எடுக்கவோ போகலாகாது. முதல் அலை திரும்பிய பின்னரும் இறங்கலாகாது. அடுத்த அலை அதனினும் பெரிதாக இருக்கக்கூடும். ஓதத்தால் நாள்தோறும் இருமுறை கடல் மெல்ல இறங்குவது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சில நிமிடங்களில் கடல் பின்வாங்குவதே ஆபத்தின் அடையாளம்.

கரையை அடைந்ததும், பாய் விரிப்பதற்கு முன், குடும்பத்தார் அனைவரும் நின்று மூன்று இடங்களைப் பார்த்துக்கொள்வோம்: பிரிந்தால் கூடும் இடம், ஆபத்தில் ஓடும் இடம், கழிப்பறை. இதற்கு ஐந்து நிமிடமே ஆகும். சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வைப்போம். பெரியோர் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் நீர் புகாத உறையில் வைத்திருப்போம்.

பிறரோடு பகிரும் இடம்

கடற்கரை பல இன மக்களும் கூடும் இடம். நம் பாட்டு அடுத்த பாயில் அமர்ந்திருப்பவருக்கு இரைச்சலாகாதபடி பார்த்துக்கொள்வோம். பினாங்கில் 2011ஆம் ஆண்டு முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைகள் இலவசமாகத் தரப்படுவதில்லை. ஆகவே துணிப்பைகளை உடன் கொண்டுசெல்வோம். குப்பைக்கென ஒரு பையைத் தனியே எடுத்துச் சென்று, நம் குப்பை அனைத்தையும் அதில் கட்டி, தொட்டியில் இட்டுவிட்டே திரும்புவோம். திறந்த டின்னை மணலில் புதைப்பது, நாளை வரும் வேறொரு பிள்ளையின் காலைக் கிழிப்பதாகும்.

ஒரு நாளின் ஒழுங்கு

பின்வரும் நேர ஒழுங்கைச் சுங்கை பட்டாணி வட்டாரத்துக் குடும்பம் ஒன்றுக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறோம். ரயில் நேரத்திற்கேற்ப இதனை மாற்றிக்கொள்ளலாம்.

காலை 5.30க்கு எளிய உணவைச் சமைத்துக் கட்டுதல். 6.30க்குள் வீட்டை விட்டுப் புறப்படுதல். 9 மணியளவில் கரையை அடைந்து, மூன்று இடங்களையும் பார்த்துக்கொண்டு, உணவு உண்ணுதல். 9.30 முதல் 11 வரை கடலில் விளையாட்டு. 11 முதல் 3 வரை நிழலில் ஓய்வும் உணவும் உரையாடலும். 3 முதல் 4.30 வரை மீண்டும் கடல். 5 மணிக்குப் பஸ். இருட்டுவதற்கு முன் படகுத்துறையை அடைந்து, விளக்குகள் ஏற்றப்படும் நகரைக் கடல் மீதிருந்து பார்த்தவாறு திரும்புதல். மறுநாள் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள் இரவு 9 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

நண்பகல் ஓய்வு வேளையை உறக்கத்தில் மட்டும் கழித்துவிடாதீர்கள். முதியோர் கப்பலேறி வந்த கதையை அப்போது சொல்லட்டும். பள்ளியில் தாம் கற்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும். தொழிலைப் பற்றியும் கடனைப் பற்றியும் அன்று பேசாதிருப்போம்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

தோட்டத்து மாதர் குழுவினரும் இளைஞர் மன்றத்தினரும் இவ்வினாக்களை ஒரு மாலை வேளையில் கூடி ஆராயலாம்.

1. நம் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் இன்னும் கடலைப் பார்த்ததில்லை? அவர்களை அழைத்துச் செல்ல எத்தனை குடும்பங்கள் ஒன்றுசேரலாம்?

2. இலையுதிர் காலத்தில் ஊதியம் குறைவதை ஈடுசெய்ய, எந்த மாதத்திலிருந்து சேமிக்கத் தொடங்க வேண்டும்?

3. நம் குடும்பத்தில் நீந்தத் தெரிந்தவர் யார்? முதலுதவி அறிந்தவர் யார்? ஒருவரும் இல்லையெனில், செம்பிறைச் சங்கம் நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் சேர யாரை அனுப்பலாம்?

4. அன்றைய நாளில் தாய்மாரின் வேலையில் எவற்றை மற்றவர் ஏற்றுக்கொள்ளலாம்?

5. கடல் திடீரென உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் உள்ள மிகச் சிறிய பிள்ளையிடம் இதனைக் கேட்டுப் பாருங்கள். அப்பிள்ளை சரியான விடை சொல்லும் நாளில், உங்கள் குடும்பம் கடற்கரைக்குப் புறப்பட ஆயத்தமாகிவிட்டது எனக் கொள்ளலாம்.